லீனியா டி-ஜெட்: ப்ளோ-ஆஃப் வால்வு ஸ்பிரிங் செட்டாகவில்லை, உதவுங்கள்

ஊர் கம்பம். வண்டி 2011 ஃபியட் லீனியா டி-ஜெட், 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல். கம்பெனி வால்வைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போ அழுத்திய மிச்சக் காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு போட்டு மூன்று வாரம் ஆகிறது.

வால்வு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் ஸ்க்ரூவை இறுக்கினால், லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது பிரச்சினை. கியர் மாற்ற ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் புறா சிறகடிப்பது போலப் படபடவென்று சத்தம். வால்வு திறக்காமல் காற்று டர்போவுக்கே திரும்பி அடிக்கிறது, அதுதான் பயம். சரி என்று இரண்டு சுற்று தளர்த்தினால் ஐட்லிங்கிலேயே திறந்து, ஃபில்டரில் வடிகட்டாத காற்றை உள்ளே இழுக்கிறது. செம்மண் தூசி பறக்கிற ஊரில் அப்படி ஓட்ட மனசு வரவில்லை.

வால்வைத் திறக்க வைக்கும் வேக்கம் ஹோஸ் புதிது, இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து நேராக வருகிறது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், கசிவு இல்லை. வால்வுக்குள் இருக்கும் பிஸ்டனைக் கழற்றித் துடைத்து எண்ணெயும் விட்டாயிற்று.

இதே வண்டியில் இந்த வேலை செய்தவர்கள் எந்த ஸ்பிரிங் போட்டு, ஸ்க்ரூவை எத்தனை சுற்றில் நிறுத்தினீர்கள்?