புக்கெட்டில் 316 தரப் போல்ட்டுகள் எங்கே கிடைக்கும்?

தாய்லாந்தின் புக்கெட் தீவில், ரவாய் கடற்கரையை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், ஏசியின் வெளிப்புறப் பெட்டியைச் சுவரில் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகள் துருவேறி உதிர்கின்றன. கீழே குழந்தைகள் நடமாடும் பாதை இருப்பதால் இது எனக்குப் பெரும் கவலை.

முதலில் போட்ட துத்தநாகம் பூசிய போல்ட்டுகள், தென்மேற்குப் பருவக்காற்றின் உப்புத் திவலைகளுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பிறகு மாற்றிய 304 தரத் துருப்பிடிக்காத எஃகிலும் பழுப்புக் கறை படர்ந்து, மரைகளில் குழி விழத் தொடங்கிவிட்டது. மாலிப்டினம் கலந்த 316 தரமே கடலோரத்துக்கு ஏற்றது; ஆனால் நான் பார்த்த கடைகளில் தரம் குறிப்பிடாமல் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டுமே விற்கிறார்கள், காந்தத்தை வைத்தும் இரண்டையும் நம்பகமாகப் பிரித்தறிய முடியாது.

தலையில் 316 தரத்தைக் குறிக்கும் ‘ஏ4-70’ என்று பொறித்த, 10 மி.மீ. தடிமனுள்ள போல்ட்டுகள் புக்கெட்டில் எந்தக் கடையில் சில்லறையாகக் கிடைக்கும்?