கார்ட்டூன் விலங்குக்காக அழுதிருக்கிறீர்களா? எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

போன சனிக்கிழமை ராத்திரி மகளுக்கு ‘பாம்பி’ போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஏழு வயசு. படம் 1942-இல் வந்தது, என் அம்மாவே அப்போது பிறந்திருக்கவில்லை. மான்குட்டி உறைந்த குளத்தில் கால் நாலும் நாலு பக்கம் போக வழுக்கி விழுகிற இடத்தில் மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் அந்த இடம் வந்தது. குளிர்காலம் முடியப்போகிறது, பனிக்கு நடுவில் கொஞ்சம் புல் தலைகாட்டியிருக்கிறது, தாயும் குட்டியும் பசியோடு மேய்கிறார்கள். திடீரென்று தாய் தலையைத் தூக்குகிறாள். ஓடு, திரும்பிப் பார்க்காதே என்கிறாள். இரண்டு பேரும் ஓடுகிறார்கள், குட்டி முன்னால், தாய் பின்னால். ஒரு வெடிச்சத்தம். குட்டி மட்டும் புதருக்குள் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்க, அம்மா நாம வந்து சேர்ந்துட்டோம் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே திரும்புகிறது. பின்னால் யாரும் இல்லை.

மகள் அழவில்லை. “அம்மா மான் வேற வழியா வருதாம்மா?” என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பதில் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குப் புரிந்து அழ ஆரம்பித்தாள். ரெண்டு பேரும் போர்வைக்குள் உட்கார்ந்து அழுதோம்.

நான் யோசித்துப் பார்க்கிறேன், அந்தப் படத்தில் தாய் சாவதைக் காட்டவே இல்லை. உடலைக் காட்டவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, சுட்டவன் முகமும் இல்லை. காட்டுவதெல்லாம் கொட்டுகிற பனியில் ஒரு குட்டி அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு நடப்பது. பிறகு பெரிய கலைமான் ஒன்று வந்து, உன் அம்மா இனி உன்கூட இருக்க முடியாது என்கிறது. குட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே போய்விடுகிறது. அடுத்த காட்சியில் வசந்தம் வந்து பறவைகள் பாட ஆரம்பித்துவிடுகின்றன. நமக்கு அழ நேரம்கூடத் தருவதில்லை, அதனாலேயே அந்த அழுகை உள்ளே தங்கிவிடுகிறதோ என்னவோ.

மனிதர்கள் நடிக்கும் படத்தில் எனக்கு இப்படி வருவதில்லை. கதாநாயகன் செத்தால் மனசு கனக்கும், ஆனால் அடுத்த தீபாவளிக்கு அவர் வேறு படத்தில் வருவார் என்பதும் மனசின் ஒரு மூலையில் தெரிந்தே இருக்கும். அந்தத் தாய் மானுக்கு முகம் தெரிந்த நடிகை என்று ஒருத்தி பின்னால் இல்லை, அவள் வாழ்ந்ததே அந்தக் காட்டில் மட்டும்தான். கையால் வரைந்த கோடு என்று நன்றாகத் தெரிந்தும் அவளை நான் முழுசாக நம்பிவிடுகிறேன். இதுதான் காரணமா, இல்லை நான் அம்மா ஆனதால் வந்ததா, தெரியவில்லை.

உங்களுக்கு எந்தப் படம்? படத்தின் பெயரோடு நிறுத்தாமல், சரியாக எந்த நொடியில் கண் நிறைந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1

எனக்கு ‘டம்போ’, அக்கா. அதுவும் பழசுதான், 1941. மொத்தமே 64 நிமிடம். பெரிய காது என்று குட்டியைக் கேலி செய்த பையனைத் தாய் யானை தும்பிக்கையால் அடித்துவிடும், அதற்காக மதம் பிடித்தது என்று சொல்லி அவளைச் சங்கிலி போட்டு வண்டிக்குள் பூட்டிவிடுவார்கள். ராத்திரி குட்டி அந்த வண்டியைத் தேடிப்போகும். காலில் சங்கிலி இருப்பதால் அவளால் ஜன்னல்வரை வரமுடியாது, தும்பிக்கையை மட்டும் கம்பி வழியாக வெளியே நீட்டுவாள். முகத்தைப் பார்க்க முடியாது. அந்தத் தும்பிக்கை இருட்டில் தடவித் தடவித் தேடும், குட்டியின் தலையைத் தொட்டதும் அப்படியே வளைந்து தொட்டிலாகிவிடும். தாலாட்டு பாடப்பாட மற்ற விலங்குக் குட்டிகளெல்லாம் தத்தம் தாயின் அணைப்பில் தூங்குவதைக் காட்டுவார்கள்.

முழுப்படத்திலும் டம்போ ஒரு வார்த்தை பேசாது. தாய் பேசுவதும் ஒரே ஒரு தடவை, அதுவும் பிள்ளையின் பெயரைச் சொல்லத்தான். டம்போவை வரைந்தவர் பில் டைட்லா. தன் வீட்டில் இருந்த ரெண்டு வயசு மகனைப் பார்த்துத்தான் அந்தக் குட்டியை வரைந்தார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

நான் துபாயில் இருக்கிறேன். மகன் பிறந்து நாற்பது நாளில் விமானம் ஏறினேன். பதினொரு மாதத்தில் வீடியோ காலில் அவன் பிஸ்கட்டை எடுத்து ஸ்கிரீனில் வைத்து அழுத்துவான், அப்பாவுக்கு ஊட்டுகிறானாம். நான் வாயைத் திறந்து மெல்லுகிற மாதிரி செய்வேன். அவன் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்ப்பான், குறையவில்லையே என்று. மறுபடி வைப்பான். ‘டம்போ’வை ஒரு வெள்ளிக்கிழமை ரூமில் தனியாகப் பார்த்தேன். தும்பிக்கை தேடுகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்க ஒரு வாரம் ஆனது.

பதில் 2

நான் படம் வரைகிறவன், அதனால் கொஞ்சம் என் தொழில் பக்கமிருந்து சொல்கிறேன். பெரிய கண், உருண்ட நெற்றி, உப்பிய கன்னம், சின்ன மூக்கு, இந்த அமைப்பைப் பார்த்தாலே நமக்குத் தூக்கிப் பாதுகாக்கத் தோன்றும் என்று கான்ராட் லோரன்ஸ் என்கிற விலங்கியலாளர் 1943-இல் எழுதினார். ‘பாம்பி’ வந்ததற்கு அடுத்த வருஷம். ஓவியர்கள் அதை முன்னாலேயே கையால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தப் படத்துக்காக ஸ்டுடியோவிலேயே ரெண்டு மான்குட்டிகளை வளர்த்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள், ரிக்கோ லெப்ரன் என்கிற ஓவியர் வந்து எலும்பு, தசை எல்லாம் பாடம் எடுத்தார். உடம்பும் நடையும் நிஜமான மான், முகம் மட்டும் நம் வீட்டுக் குழந்தை. நிஜ மானுக்குப் புருவம் உயராது, கண்ணின் வெள்ளை அவ்வளவாகத் தெரியாது. வரைந்த மானுக்கு ரெண்டும் உண்டு.

இதை நான் உணர்ந்தது ‘லயன் கிங்’ பார்த்துத்தான். 1994 படத்தையும் 2019-இல் நிஜ சிங்கம் போலவே கம்ப்யூட்டரில் செய்த படத்தையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். அப்பா சிங்கம் கிடக்கிற அதே காட்சி. புதுசில் ரோமம் ஒவ்வொன்றும் தெரிகிறது, தூசி தெரிகிறது, என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. முகம் அசையாத ஒரு சிங்கக்குட்டி, அவ்வளவுதான். பழசில் ஒரு சின்ன கோடு, புருவம் நடுவில் மேலே ஏறுகிறது, போதும்.

அப்புறம் இன்னொன்று, நிறையப் பேர் கவனித்திருக்க மாட்டீர்கள். படத்தின் ஆரம்பத்தில் ஒரு விடியற்காலை, குட்டி அப்பாவின் காதைப் பல்லால் பிடித்து இழுத்து எழுப்பும், சொன்னபடி கூட்டிக்கிட்டு போங்க என்று. அப்பா செத்துக்கிடக்கும்போதும் அதையேதான் செய்கிறது. தலையால் முட்டும், காதைப் பிடித்து இழுக்கும். எழுந்திருக்கவில்லை. பிறகு தானே அந்தப் பெரிய கைக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொள்ளும். சாவை விட, அந்தக் காலை வேளைப் பழக்கம் மறுபடி வருகிறதே, அங்கேதான் நான் உடைந்தேன்.

பதில் 3

எல்லாம் சரி, ஆனால் ஏழு வயசுக் குழந்தைக்கு இதைக் காட்டத்தான் வேண்டுமா? என் பையன் ‘லயன் கிங்’ பார்த்துவிட்டு ஒரு மாதம் எங்களைத் தனியாகக் கடைக்குப் போகவிடவில்லை. அப்பா போனால் ஜன்னலில் நிற்பான். அவன் பெரியவனாகிற வரைக்கும் நான் இந்தப் படங்களை எடுப்பதாக இல்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

பதில் 4

இதைப் பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

‘தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்’ என்று 1981-இல் வந்த படம். அநாதையான நரிக்குட்டியை ஒரு வயசான விதவை வளர்ப்பாள். பக்கத்து வீட்டு வேட்டைக்காரன் அதைக் கொல்லாமல் விடமாட்டான் என்று ஆனபிறகு, அது உயிரோடு இருக்கட்டும் என்று காரில் ஏற்றிக் காப்புக்காட்டில் கொண்டுபோய் விடுவாள். கழுத்தில் அவள் கட்டிய பட்டையை அவிழ்ப்பாள். நரி பின்னாலேயே வரும். வராதே என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள்.

நாங்கள் மதுரையில் சொந்த வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்தபோது கிடைத்த வாடகை ஃபிளாட்டில் நாய் வைத்துக்கொள்ள விடவில்லை. எங்கள் வீட்டு நாய் சாதாரண நாட்டு நாய்தான், செவலை நிறம், ஒரு காது மடங்கியே இருக்கும். மேலூர் பக்கம் பெரியப்பாவின் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று முடிவானது. வேனில் ஏற்றினோம். அதற்கு வண்டி என்றால் உயிர், ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வழியெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. தோட்டத்தில் இறங்கியதும் கிணற்று மேடு, வாழை, மாட்டுக்கொட்டில் என்று ஒரு சுற்று மோந்துவிட்டு ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்தது, பார்த்தாச்சு, கிளம்பலாமா என்கிற மாதிரி. அப்பா குனிந்து கழுத்துப்பட்டையை அவிழ்த்தார். பட்டை இருந்த இடத்தில் மட்டும் முடி தேய்ந்து ஒரு வளையம் தெரிந்தது. அது அப்பாவின் கையை நக்கியது. நாங்கள் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினோம். கொஞ்ச தூரம் ஓடிவந்தது, குரைக்கக்கூட இல்லை.

அது அங்கே நன்றாகத்தான் இருந்தது, ஆறு வருஷம் இருந்தது, பெரியப்பா நல்ல சாப்பாடு போட்டார். ஆனால் ஏன் விட்டுவிட்டுப் போனோம் என்பதை அதற்கு யாரும் சொல்ல முடியவில்லையே. மனுஷனாக இருந்தால் உட்காரவைத்து விளக்கியிருக்கலாம், கோபித்துக்கொள்ளட்டும், சண்டை போடட்டும். விலங்குக்கு எதையும் விளக்க முடியாது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முப்பது வயசு, கைக்குழந்தை மடியில். பட்டையை அவிழ்க்கிற இடம் வந்ததும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் பட்டை இன்னும் அப்பாவின் பீரோவில் இருக்கிறது.

பதில் 5

மேலே சொன்னதைப் படித்துவிட்டு வேலையில் கை ஓடவில்லை. என் பங்குக்கு ‘ஃப்ளோ’. லாட்வியாவிலிருந்து வந்த படம், 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. ஒரு பூனை, ஒரு வெள்ளம், ஒரு படகு, வசனம் என்று ஒரு சொல் கிடையாது. பூனையின் குரலும் நிஜப் பூனையைப் பதிவு செய்ததுதான். இத்தனை நேரம் பயமுறுத்திய தண்ணீர் கடைசியில் வற்றிப்போகும், அப்பாடா என்று இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீரை நம்பி இருந்த ஒரு பெரிய உயிர் தரையில் கிடக்கும். பூனை போய் அதன்மேல் தலையை உரசும். நானும் என் பூனையும் சேர்ந்துதான் பார்த்தோம்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. மதுரைத் தோழிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. துபாய் தம்பி, மகனை எப்போது பார்க்கப் போகிறீர்கள்? குழந்தைக்குக் காட்டலாமா என்று கேட்டவருக்கு: உங்கள் பையனை உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் செய்தது சரி. என் மகள் மறுநாள் காலை ஒரு மான் வரைந்தாள், பக்கத்தில் பெரிய மான் ஒன்று, அதற்கு மட்டும் வர்ணம் அடிக்கவில்லை. பயந்ததாகத் தெரியவில்லை. இனிமேலும் பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்டுவேன்.

சிங்கக்குட்டி காதை இழுப்பதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தீர்கள் இல்லையா, அதைப் படித்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை எனக்கு ஏன் அப்படி ஆனது என்பது பிடிபட்டது. புதருக்குள் வந்து சேர்ந்த குட்டி, வந்து சேர்ந்துட்டோம் என்று சொல்லித் திரும்புகிறதே, அந்தச் சொல்.

என் அம்மா திருநெல்வேலியில் இருந்தாள். கோயம்புத்தூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ரெண்டு ரிங், கட். எடுத்துப் பேசவெல்லாம் வேண்டாம், வந்து சேர்ந்துட்டேன் என்று அர்த்தம். கல்லூரிக் காலத்திலிருந்து பழக்கம், காசு ஒரு பொருட்டாக இல்லாமல் போன பிறகும் விடவில்லை. ரிங் வருகிறவரைக்கும் அவள் படுக்கமாட்டாள் என்று அப்பா சொல்வார்.

மூன்று வருஷம் முன்னால், அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து ராத்திரி பஸ் ஏறினேன். காந்திபுரத்தில் இறங்கும்போது விடியற்காலை அஞ்சு மணி, தூங்குகிற மகள் ஒரு தோளில், பை இன்னொரு தோளில். டீக்கடையில் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் வந்து எங்கேம்மா என்று கேட்டார், இருங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து அம்மாவின் நம்பரை அழுத்தினேன்.

அவளுடைய போனை நான்தான் எடுத்து வந்திருந்தேன். பைக்குள்ளிருந்து அடித்தது, ரெண்டு ரிங்.