வாலிபால் நேஷன்ஸ் லீக்: பாயிண்ட் எச்சா இருக்கற டீம் ஏனுங்க டேபிள்ல கீழ நிக்குது?

கள்ளிப்பட்டிக்காரன்:

ஏனுங்க, லேடீஸ் வாலிபால் பாக்கறவங்க இங்க யாராச்சும் இருக்கறீங்களா? ரெண்டு டவுட்டு இருக்குதுங்க. எங்கக்கா மக பத்தாவது படிக்கறா, ஸ்கூல் டீம்ல ஆடறா, அவ போன்ல நாடுங்க மோதற இந்த நேஷன்ஸ் லீக் ஹைலைட்ஸ் போட்டுப் போட்டு இப்ப வீட்டுல எல்லாத்துக்கும் அந்தப் பைத்தியம் புடிச்சிருச்சு. எங்கம்மாவுக்கு இத்தாலி எகோனுன்னா உசுரு, அந்தப் புள்ள எகிறி அடிச்சுட்டுக் கீழ வர்றப்பல்லாம் "பாத்து எறங்கு கண்ணு, காலு பெசகிக்கப் போவுது"ன்னு டிவிகிட்டச் சொல்லிட்டு இருக்கும்.

மேட்டர் என்னன்னா, பாயிண்ட் டேபிள் பாக்கறப்ப சில சமயம் எச்சு பாயிண்ட் வெச்சிருக்கற டீம், கம்மி பாயிண்ட் டீமுக்குக் கீழ இருக்குது. எங்க மாமா ஐ.பி.எல். பாத்தே வளந்தவரு, "இதென்ன கூத்து, கம்ப்யூட்டர்ல எவனோ மாத்தி அடிச்சுட்டான்"ங்கறாரு. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. சமமா வந்தா நம்ம ரன்ரேட் மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்களாம், அது எப்படிப் போடறாங்க?

ரெண்டாவது, எங்க அம்மிணி அஞ்சடி ரெண்டு அங்குலந்தான். ஒரு செலக்சனுக்குப் போனப்ப அடிக்கச் சொல்லியே பாக்காம "ஹைட் பத்தாதும்மா"ன்னு ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. அன்னைக்குப் பூரா சோறு திங்கல. இந்த ஹைட்ல பெரிய லெவல்ல ஆடற ஆளே இல்லீங்களா?

ஊத்துக்குளி வெண்ணெய்:

மாமாகிட்டச் சொல்லுங்க, யாரும் மாத்தி அடிக்கல. செட் கணக்குல 3-0 இல்லன்னா 3-1ல ஜெயிச்சா 3 பாயிண்ட், தோத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. 3-2ன்னு அஞ்சாவது செட்டுக்குப் போயிருச்சுன்னா ஜெயிச்சவங்களுக்கு 2, தோத்தவங்களுக்கு 1. ஆனா டேபிள் போடறப்ப மொதல்ல பாக்கறது எத்தன மேட்ச் ஜெயிச்சிருக்காங்கன்னுதான், அது சமமா இருந்தாத்தான் பாயிண்ட்டையே பாப்பாங்க. ஒலிம்பிக்லயும் இதே கணக்குதான்.

இப்ப ஒரு டீம் 12 மேட்ச்ல 8 ஜெயிக்குதுன்னு வெய்ங்க, அதுல நாலு 3-2ல இழுத்துப் புடிச்சு ஜெயிச்சது, அப்ப 8 பாயிண்ட், மிச்ச நாலும் சுளுவா ஜெயிச்சது, 12 பாயிண்ட், தோத்த நாலும் 0-3, மொத்தம் 20. இன்னொரு டீம் 7 ஜெயிக்குது, ஏழும் 3-0, 3-1ல, அதுக்கு 21, தோத்த அஞ்சுல ரெண்டு 2-3, அதுக்கு 2, ஆக 23. 23 வெச்சிருக்கறவங்க கீழ, 20 வெச்சிருக்கறவங்க மேல. என்னையக் கேட்டா இதுதான் நாயம், ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான். அஞ்சு செட்டு உசுரக் குடுத்து ஆடி ஜெயிச்சவன, தோத்துத் தோத்து ஒரு பாயிண்ட் பொறுக்குனவன் தாண்டிப் போறது நல்லாவா இருக்குது.

ரன்ரேட் மாதிரின்னு கேட்டீங்கல்ல, அது கிரிக்கெட்ல கழிக்கறது, இங்க வகுக்கறது. ஜெயிச்ச செட்ட தோத்த செட்டால வகுப்பாங்க. 27 செட் ஜெயிச்சு 15 தோத்தா 1.8, 24 ஜெயிச்சு 12 தோத்தா 2. ரெண்டுலயும் வித்தியாசம் 12தான், ஆனா ரெண்டாவது டீம்தான் மேல. அதுவும் சமமாப் போச்சுன்னா செட்டுக்குள்ள எடுத்த பாயிண்ட்ட விட்ட பாயிண்ட்டால வகுப்பாங்க. அதனாலதான் தோக்கற செட்ல கூட 25-12ன்னு விடாம 25-20 வரைக்குமாச்சும் இழுக்கறாங்க.

மொத்த பாயிண்ட் எடுத்தவந்தான் பெரியவன்னு மாமா இன்னும் சொன்னா, 2025 வேர்ல்டு சாம்பியன்ஷிப் பைனல எடுத்துக் காட்டுங்க. பேங்காக்ல நடந்துச்சு, இத்தாலியும் துருக்கியும். 25-23, 13-25, 26-24, 19-25, 15-8, இத்தாலி கப்பு. கூட்டிப் பாருங்க, இத்தாலி 98, துருக்கி 105! ஏழு பாயிண்ட் எச்சா எடுத்துட்டு வெள்ளி மெடல் வாங்கிட்டுப் போனாங்க. துருக்கி வர்காஸ் அன்னைக்கு அடிச்ச அடிக்கு அப்படித் தோத்தது எனக்கே பொறுக்கல.

இன்னொண்ணு. லீக்ல இருந்து 8 டீம்தான் பைனல்ஸ் போகும், ஆனா நடத்தற நாடு எந்த எடத்துல இருந்தாலும் அதுல ஒண்ணு. 2024ல பேங்காக்ல நடந்தப்ப தாய்லாந்து அப்படித்தான் உள்ள வந்துச்சு. அதையும் மாமா கேப்பாரு, ரெடியா இருங்க.

சென்னிமலை நைட் ஷிப்ட்:

ஹைட் பத்தி நான் சொல்றேங்க. யோஷியே தகேஷிதான்னு ஜப்பான் செட்டர், அதாவது அடிக்கறவங்களுக்குப் பந்தத் தூக்கிக் குடுக்கறவங்க, 159 சென்டிமீட்டர். உங்க அம்மிணிய விட ஒரு விரக்கட வேணா ஒசரம் இருப்பாங்க, அவ்வளவுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்ல அந்தம்மா செட் பண்ணித்தான் ஜப்பான் வெண்கலம் வாங்குச்சு. தாய்லாந்து நூட்சாராவும் 169தான், அவங்க தூக்கிப் போடற பந்து எங்க போகுதுன்னு எதிர்ல நிக்கற ஆறடிப் பொண்ணுங்களுக்கே புரியாது, பிளாக்குக்கு, அதாவது நெட்டுகிட்ட கையத் தூக்கித் தடுக்க, ஒருபக்கம் எகிறுவாங்க, பந்து இன்னொருபக்கம் விழுகும். இப்ப ஜப்பான் கேப்டன் மாயு இஷிகாவா 174, எகிறி அடிக்கற ஸ்பைக்கருக்கு அது ரொம்பக் குட்டை, எகோனு 190க்கு மேல. 2024 நேஷன்ஸ் லீக் செமில, அதுவரைக்கும் லீக்ல 12க்கு 12 ஜெயிச்ச பிரேசில ஜப்பான் 3-2ல கவுத்துச்சு. பந்தக் கீழ விழுக விட்டாத்தானே அவங்களுக்குப் பாயிண்ட்டு, எடுத்துட்டே இருந்தா எத்தன தடவதான் அடிப்பாங்க.

இதுல நம்மூருக்குச் சம்மந்தப்பட்ட ஒண்ணு இருக்குது. ஒலிம்பிக்ல வாலிபால் மொதமொதல்ல வந்தது 1964 டோக்கியோல. லேடீஸ்ல தங்கம் ஜப்பான், ரஷ்யாவ அதாவது சோவியத்த 3-0. அந்த டீம்ல 12 பேர்ல 10 பேரு ஒரே ஸ்பின்னிங் கம்பெனி ஆளுங்க, ஒசாகா பக்கத்துல கைசூக்காங்கற ஊர்ல இருந்த நிச்சிபோ மில்லு! பகல்ல வேல, சாயந்தரத்துல இருந்து நடுராத்திரி வரைக்கும் பிராக்டிஸ். கோச் தைமட்சு, பேய்னே பேரு. பந்துக்குப் பாஞ்சு விழுந்து அப்படியே உருண்டு எந்திரிக்கற ரிசீவ் இருக்குது பாருங்க, ஒசரமான ரஷ்யாக்காரங்க அடிய எடுக்கறதுக்கு அந்தக் கோச் அத வெச்சுத்தான் இவங்களத் தயார் பண்ணினாரு. அதுக்கு ரெண்டு வருசம் முந்தி 1962ல மாஸ்கோவுக்கே போயி வேர்ல்டு சாம்பியன்ஷிப்பும் தூக்கிட்டு வந்துட்டாங்க. டோக்கியோ பைனல ஜப்பான்ல 66.8 சதவீதம் டிவில பாத்தாங்களாம்.

கேப்டன் மசாயே கசாய், வெளையாட்டுல கல்யாணத்துக்கு ஆளப் பாக்க நேரமே இல்லன்னு பிரதமர் சாட்டோகிட்டச் சொல்லப் போக, அவரே மாப்பிள்ள பாத்துக் குடுத்தாருங்க. நம்ம பக்கம் தரகருக்கு எவ்வளவு கமிஷன் குடுக்கறோம்!

தறி ஓட்டிட்டே இதெல்லாம் படிக்கறப்ப, கோயம்புத்தூர்ல இத்தன மில்லு இருந்துச்சே, நம்மகிட்ட இருந்து ஏன் அப்படி ஒரு டீம் வரலன்னு தோணும். பாஸ்கெட்பாலுக்காச்சும் பி.எஸ்.ஜி. டோர்னமெண்ட்டுன்னு ஒண்ணு இருக்குது.

அவினாசி ரோடு அம்மிணி:

@சென்னிமலை நைட் ஷிப்ட் அண்ணா, கதை நல்லாத்தான் இருக்குது, ஆனா பாதிதான் சொல்லியிருக்கீங்க. அதே 2024ல ஜப்பான் பாரிஸ் ஒலிம்பிக்ல குவார்ட்டர் பைனலுக்கே வரல, போலந்துகிட்டயும் பிரேசில்கிட்டயும் தோத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. குட்டையான செட்டர் எடம் சுத்தி மாறற ரொட்டேஷன்ல நெட்டுகிட்ட முன்னாடி வர்றப்ப எதிர் டீம் அவங்க தலைக்கு மேலயேதான் அடிப்பாங்க, பிளாக்ல அந்தப் பக்கம் ஓட்டை. தகேஷிதா ஆடினப்பவும் அதுக்குத்தான் பின்னால டிபென்ஸ் ஆளுங்கள நகத்தி நிறுத்தி வெச்சாங்க. ஒசரம் தேவையே இல்லன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லி ஏமாத்தாதீங்க. ஒசரம் இல்லன்னா மத்ததெல்லாம் எச்சா வேணும், அதச் சொல்லுங்க.

அப்பறம் அந்தத் தைமட்சு. அடிபட்டாலும் ஆடு, காய்ச்சல்னாலும் ஆடுன்னு வேல வாங்குன ஆளு, அங்கயே அந்தக் காலத்துலயே அதப் பத்தித் திட்டி எழுதியிருக்காங்க. மெடல் வந்ததால அது சாதனை ஆயிருச்சு, வராம இருந்திருந்தா? நானும் காலேஜ்ல ஆடினவதான், முட்டி போயி உக்காந்திருக்கேன், "வலிச்சா வலிக்கட்டும்"னு சொன்னவங்க யாரும் அப்பறம் வந்து எட்டிப் பாக்கல.

நம்ம மில்லுல இருந்து ஏன் டீம் வரலன்னு கேக்கறீங்க. நம்ம பக்கம் மில் ஹாஸ்டல்ல தங்கி வேல செய்யற புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கெழம பொழுதோட ஒரு பந்து எடுத்து ஆட எடம் இருக்குதா, கேட்டைத் தாண்டி வெளிய வர முடியுதான்னு மொதல்ல கேளுங்கண்ணா. பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு ஊரு லைட்டு கட்டி வாலிபால் டோர்னமெண்ட் நடத்தறாங்க, லேடீஸுக்குன்னு ஒரு மேட்ச் எத்தன ஊர்ல வெக்கறாங்க? மைக்ல மட்டும் "தாய்மார்களே வாங்க"ம்பாங்க, எதுக்கு, கைதட்டறதுக்கு.

இந்தியா லேடீஸ் டீம் இதுவரைக்கும் ஒலிம்பிக்ல ஆடினதே இல்ல. அதுக்குக் காரணம் ஹைட் மட்டும்னு யாராச்சும் சொன்னா சிரிப்பு வருது.

காங்கயம் பழைய பிடி மாஸ்டர்:

எல்லாரும் பெரிய பெரிய ஊருக்குப் போயிட்டீங்க, நான் கிரவுண்டுக்கு வர்றேன். தம்பி, அந்தப் புள்ள ஆடற ஸ்கூல்ல நெட்டு எவ்வளவு ஒசரத்துல கட்டியிருக்காங்க? லேடீஸுக்கு 2.24 மீட்டர், ஆம்பளைங்களுக்கு 2.43. நம்ம பக்கம் பசங்க கட்டின நெட்டுலயே புள்ளைங்களையும் ஆட விட்டுருவாங்க, அவுத்துக் கட்டச் சோம்பேறித்தனம். 19 சென்டிமீட்டர்னா ஏழரை இஞ்சு, அந்த ஏழரை புடிச்சே எத்தனையோ புள்ளைங்க எனக்கு அடிக்க வராதுன்னு ஒதுங்கிப் போயிருக்காங்க. டேப்ப எடுத்துட்டுப் போயி நடுவுல அளந்து பாருங்க, ஓரத்துல அளந்தா ஏமாந்து போவீங்க, நெட்டு நடுவுல தொங்கும்.

அப்பறம் பந்து. ரூல் புக்குல காத்தழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30ல இருந்து 0.325 கிலோதான், எடை 260ல இருந்து 280 கிராம். நம்மாளுங்க சைக்கிள் பம்ப வெச்சு கல்லு மாதிரி ஏத்திருவாங்க. அந்தப் பந்த முன்னங்கையில வாங்குனா செவசெவன்னு தடிச்சுப் போயிரும், அப்பறம் புள்ளைங்க பந்து வந்தாவே மூஞ்சியத் திருப்பும், கை மடங்கிரும். பெருவிரல்ல அழுத்தினா லேசாக் குழியணும், அப்படி வெய்ங்க.

அந்தப் பொண்ணுக்கு சர்வீஸ் ரிசீவ்தான் மொதல்ல சொல்லித் தரோணும். ஒரு ஆளு எதிர்ப்பக்கம் இருந்து விதவிதமா சர்வீஸ் போடணும், இவ வாங்கி செட்டர் நிக்கற எடத்துக்கு, அதாவது நெட்டுகிட்ட நடுவுல இருந்து கொஞ்சம் வலதுபக்கம், அங்க போயி விழுகணும். அந்த எடத்துல ஒரு கூடைய வெச்சுருங்க. அடிக்கறதெல்லாம் பொறவு. லிபரோன்னு, பின்னால நின்னு பந்து எடுக்கறதுக்குன்னே ஒரு எடம் 1998ல இருந்து இருக்குது, 2025 வரைக்கும் இத்தாலிக்கு லிபரோவா ஆடின மோனிகா தி கென்னாரோ பாத்தீங்கன்னா பெரிய ஒசரமெல்லாம் கெடையாது, அந்தம்மா மொதப் பந்த வாங்கிக் குடுத்தாத்தான் எகோனு அடிக்கவே முடிஞ்சுச்சு. ஹைலைட்ஸ்ல அடிக்கறத மட்டுந்தான் காட்டுவான், முழு மேட்ச்சப் போட்டு அந்தப் புள்ளைய லிபரோவ மட்டும் பாக்கச் சொல்லுங்க.

எஸ்.டி.ஏ.டி., அதாவது நம்ம தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அவங்க ஹாஸ்டல் செலக்சன் வருசா வருசம் வருது, பேப்பர்ல போடுவாங்க, அதையும் பாத்துட்டு இருங்க. ஒரு எடத்துல உக்கார வெச்சா இன்னொரு எடம்.

கள்ளிப்பட்டிக்காரன்:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. மாஸ்டர் சொன்ன மாதிரி டேப்பு கொண்டுட்டுப் போயி அளந்தோம், நடுவுல 2.36 இருந்துச்சு! ஓரத்துல இன்னும் எச்சு. பிடி டீச்சர்கிட்டச் சொன்னோம், அவங்க நல்லவங்க, "பசங்க கட்டினதுங்க, நான் அளக்கவே இல்ல"ன்னு அப்பவே எறக்கிக் கட்டிட்டாங்க. அம்மிணி அடிச்ச மொத பந்து வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து மஞ்சக் காட்டுக்குள்ள போயிருச்சு, தேடறதுக்கே பொழுது போயிருச்சுங்க.

@அவினாசி ரோடு அம்மிணி அக்கா, நீங்க எழுதுனத அவளையும் படிக்கச் சொன்னேன். "அக்கா சொல்றதுதான் கரெக்ட்டு"ங்கறா.

மாமா இன்னும் எறங்கி வரல. 105 எடுத்தவன் தோத்தான்னா அது வெளையாட்டே இல்லீங்கறாரு. விட்டுட்டேன்.

இன்னொரு டவுட்டுங்க, லிபரோ ஆனா சர்வீஸ் போடலாமா? அவளுக்கு சர்வீஸ் நல்லா வரும், அது போயிருமேன்னு கவலைப்படறா.

ஊத்துக்குளி வெண்ணெய்:

இன்டர்நேஷனல் ரூல்ல லிபரோ சர்வீஸ் போடக்கூடாது. பிளாக்குக்கு எகிறவும் கூடாது, நெட்டுக்கு மேல இருக்கற பந்த அடிச்சு அந்தப்பக்கம் அனுப்பவும் கூடாது. உங்க ஸ்கூல் மேட்ச்சுக்கு எந்த ரூலுன்னு நடத்தறவங்ககிட்ட முன்னாடியே கேட்டுக்குங்க. சர்வீஸ் நல்லா வருதுன்னா செட்டரா பழக்குங்களேன், அஞ்சாவது செட்ல 13-13ல சர்வீஸ் போட ஆளு வேணுமில்ல.

லிபரோன்னே முடிவு பண்ணினா ஜெர்சி மத்தவங்களுக்கு இருக்கற கலர்ல இருக்கக்கூடாது, பளிச்சுன்னு வேற கலர் வேணும். அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க, திருப்பூர்ல ஒரு பீஸ் எடுத்து நம்பர் அடிச்சு நான் அனுப்பி வெக்கறேன், சைஸ் மட்டும் சொல்லுங்க.