சான்று கேட்பவன் சந்நிதியில் நிற்கலாமா?

கேள்வி:
தரமணியில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன்; சான்றில்லாத எதையும் நான் ஏற்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் சந்நிதியில் அம்மா கண்மூடி நிற்கையில், கற்பூரத் தட்டின்மேல் நானும் கைநீட்டிக் கண்களில் ஒற்றிக்கொள்கிறேன். இது முரண்பாடாகுமா?

பதில் 1:
அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம், நண்பரே. நம் சமய மரபே, எது சான்றாகும் என ஆராயும் அளவையியலில் ஊறியது. மணிமேகலை பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டு, காட்சி (நேரில் காண்பது), கருத்து (ஊகித்து அறிவது) என்னும் இரு அளவைகளை, அதாவது அறியும் வழிகளைக் கற்ற பின்னரே பிறவி அறுக என நோற்கிறாள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியாரும், சிவஞான சித்தியார் என்னும் தம் சைவ சித்தாந்த நூலின் முதற்பகுதியான பரபக்கத்தில் மாற்றார் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பிறகே, அடுத்த பகுதியான சுபக்கத்தில் தம் சித்தாந்தத்தை நிறுவுகிறார். கேள்வி கேட்பதை அவர்கள் பக்திக் குறைவாகக் கருதவில்லை.

பதில் 2:
உண்மைதான், ஐயா. ஆயினும் சித்தியார் காண்டல், கருதலோடு உரையையும், அதாவது அருள்நூல்களின் வாக்கையும், அளவையாக ஏற்கிறது; எனக்கு அங்கேதான் தயக்கம். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகித்தால் ஏறிச் சென்று சரிபார்க்கலாம். நூலுரையை எவ்வாறு சரிபார்ப்பது? சர்க்கரை நோயாளியான என் தந்தை, மந்திரித்த நீரே போதும் என்று ஒருவர் சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்தினார். புண் ஆறாமல் கால்விரலை அகற்ற நேர்ந்தது. உடலைப் பற்றிய கூற்றுக்குச் சான்று கேட்டே ஆகவேண்டும். உங்கள் கற்பூர ஒளி அப்படி எதையும் கூறவில்லையே!

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளை இன்றே எண்ணிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் செல்வேன்.