குறைந்த செலவில் கணினி: கிராஃபிக்ஸ் கார்டு இப்போதே வேண்டுமா?

புதுநிரல்: கல்லூரிப் பாடங்களுக்கும் நிரல் எழுதவும் ஒரு டெஸ்க்டாப் சேர்க்கப் போகிறேன். ஓய்வு நேரத்தில் கொஞ்சம் விளையாட்டும் உண்டு. கையில் பணம் குறைவு. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்கி, அதிலேயே உள்ள கிராஃபிக்ஸை வைத்துச் சமாளிப்பதா? இன்டெலின் ஐ3-12100எஃப் வாங்கி மலிவான கார்டு ஒன்றைச் சேர்ப்பதா?

மின்விசை: தயங்காமல் 5600ஜி வாங்குங்கள். கணக்கிடும் பகுதிகளான கோர் 6, ஒரே நேரத்தில் ஓட்டும் பணிவரிசைகளான த்ரெட் 12. நிரல்களைத் தொகுக்கும்போது அதன் அருமை தெரியும். 12100எஃபில் 4 கோர்தான். பெயரில் உள்ள 'எஃப்', உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. கார்டு பழுதானால் திரையில் ஒன்றுமே வராது. ரேமை மட்டும் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குங்கள். உள் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒற்றை ரேம் போட்டால் தரவு செல்லும் பாதை பாதியாகிவிடும், விளையாட்டு திணறும்.

சதுரன்: கோர் எண்ணிக்கையை மட்டும் காட்டி வாங்கச் சொல்வது நியாயமில்லை. 5600ஜியின் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 16 எம்பி. சாதாரண 5600இல் 32 எம்பி. கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பிசிஐஇ பாதையும் 3.0 பதிப்பு வரைதான். நாளை ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டு வாங்கினால், அது அந்தப் பாதையின் 4 லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துவதால் 3.0இல் வேகம் குறையும். மேலும் 5600ஜி பொருந்தும் ஏஎம்4 என்பது 2016இல் வந்த சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்). ஏஎம்டியே 2022இல் ஏஎம்5க்குப் போய்விட்டது.

மின்விசை: 12100எஃப் பொருந்தும் எல்ஜிஏ1700 மட்டும் நிலைத்ததா? 14ஆம் தலைமுறையோடு இன்டெல் அதை விட்டுவிட்டது. ஏஎம்4இல் பிற்பாடு 5800எக்ஸ்3டி பிராசசர் வரை ஏறலாம்.

பழஞ்சரக்கு: இருவரும் புதியதையே பேசுகிறீர்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் கணினியை வாங்கி ஒரு எஸ்எஸ்டி போட்டால் போதுமே! இன்டெல் 8ஆம் தலைமுறையாக இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும்.

சதுரன்: படிப்புக்கு அது போதும். ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், மாற்ற முடியாது. கூடுதல் மின் இணைப்பு இல்லையென்றால், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத்தான் தேட வேண்டும். கேபினட் ஒடுங்கியதாக இருந்தால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும்.

மின்விசை: இதில் சதுரனோடு முழுமையாக உடன்படுகிறேன். பவர் சப்ளையில் மிச்சம் பிடிப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும். மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக அணையுமா என்பதைச் சொல்லாது. அந்தப் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று விவரத்தாளைப் பார்த்து வாங்குங்கள். கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போகட்டும்.

புதுநிரல்: அப்படியானால் 5600ஜி, இரண்டு ரேம், நல்ல பவர் சப்ளை. கார்டைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். மதர்போர்டில் மலிவான ஏ520 போதுமா?

சதுரன்: வேண்டாம். 5600ஜி என்று முடிவுசெய்துவிட்டதால் சொல்கிறேன், பி550 எடுங்கள். பின்னாளில் பிராசசரை மாற்றும்போது கார்டுக்கு பிசிஐஇ 4.0 வேகம் கிடைக்கும். ஏ520இல் எதைப் போட்டாலும் 3.0தான்.