பழைய மெர்சிடிஸ் இ-கிளாஸ் வாங்கலாமா? வைத்து ஓட்ட எவ்வளவு ஆகும்?

புதுச்சாவி:

வணக்கம். பெரிய ஜெர்மன் செடான் ஒன்று வைத்து ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இப்போது இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டுமே மெர்சிடிஸ் இ-கிளாஸ், டபிள்யூ 211 பாடி (ஒரே தலைமுறை), பெட்ரோல் வி6 (ஆறு சிலிண்டர்). ஒன்று 2004 மாடல் இ 320, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ளது. இன்னொன்று 2007 மாடல் இ 280, சாதாரண ஸ்பிரிங். கேட்கும் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2004 வண்டியின் ஓனர் சர்வீஸ் பில்களை ஒரு ஃபைல் நிறைய வைத்திருக்கிறார். பெயின்ட் அங்கங்கே மங்கியிருக்கிறது, டிரைவர் சீட்டின் ஓரத்தில் தோல் வெடித்திருக்கிறது. 2007 வண்டி பளபளவென்று இருக்கிறது, ஓடிய தூரமும் குறைவு. ஆனால் பேப்பர் எதுவும் இல்லை, "எல்லாம் டைமுக்குச் செய்ததுதான்" என்று வாய்ப்பேச்சு மட்டும். ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் லைட் எரிந்தது. சென்சர்தான், சின்ன வேலை என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் "பக்கத்திலேயே போகாதே" என்கிறார். இன்னொருவர் "இந்த மாதிரி வண்டி இனிமேல் வராது" என்கிறார். வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், எந்த வண்டி கையைக் கடிக்காது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஆயில், பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்துகொள்வேன்.

ஸ்பானர்கை:

தம்பி, முதலில் ஒன்று. 2004 வண்டியை எடுத்தால் பிரேக் பேடில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"வருஷத்துக்கு எவ்வளவு" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது. இந்த வண்டிகளில் செலவு சீராக வராது. ஒரு வருஷம் ஆயில், ஃபில்டரோடு முடிந்துவிடும். அடுத்த வருஷம் ஒரே வேலையில் வாங்கின விலையில் பாதி போய்விடும். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்குகிறது, ஸ்பேர் விலையும் லேபரும் இறங்குவதே இல்லை. இன்ஜினைக் கீழே இறக்க ஆகும் நேரம், வண்டி பழசு என்பதால் குறையாது. இறுகிப்போன போல்ட்டுகளால் கூடத்தான் செய்யும்.

அதனால் நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்பது இதுதான்: பெரிய வேலைகளில் எவை முடிந்திருக்கின்றன, எவை பாக்கி? பாக்கி இருப்பதெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அந்தத் தொகையைக் கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதுதான் வண்டியின் உண்மையான விலை.

இப்போது 2007 வண்டி. அதில் இருப்பது எம் 272 இன்ஜின். ஓட்டுவதற்கு அருமையான இன்ஜின், ஆனால் ஆரம்பகாலத்தில் வந்தவற்றில் ஒரு பெரிய குறை உண்டு. வி6 இன்ஜினின் அதிர்வைக் குறைக்க உள்ளே ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட் சுழலும். டைமிங் செயின் அதன் பல்சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. அந்தச் சக்கரத்தின் உலோகம் போதிய உறுதி இல்லாததால் பற்கள் தேய்ந்து, செயின் தளர்ந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் டைமிங் தள்ளிப்போகும். இன்ஜின் லைட் எரியும். ஸ்கேனரில் பி 0016, பி 0018 என்ற வகையில் கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) விழும். பார்ட் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதை மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். லேபர்தான் ஆளைச் சாய்க்கும். பிரச்சினை உள்ள இன்ஜின் வரிசையா, திருத்தியபின் வந்ததா என்பதை இன்ஜின் நம்பரை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். 2007 மாடல் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அந்த வருஷ வண்டிகளில் இரண்டு வகையும் இருக்கலாம்.

கோடு ஒரு பேங்கில், அதாவது வி வடிவ இன்ஜினின் ஒரு பக்க சிலிண்டர் வரிசையில், மட்டும் வந்தால் கேம் மேக்னட்டோ சென்சரோ ஆக இருக்கலாம், அது நிஜமாகவே சின்ன வேலைதான். இரண்டு பேங்கிலும் சேர்ந்து வந்தால் செயின் பக்கம்தான் பார்க்க வேண்டும். விஷயம் தெரிந்த மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்காமலே சோதித்துவிடுவார். கிராங்க் புல்லியைக் கையால் குறித்த கோணத்துக்குத் திருப்பி, கேம் சென்சர்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே தெரியும் சக்கரத்தின் குறி ஓட்டையின் நடுவில் நிற்க வேண்டும். ஓரமாக ஒதுங்கி நின்றால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் போவதற்கு முன்னாடியே அந்தப் பழுதுக் கோடை அழித்துவைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்கேனரில் ரெடினஸ் என்று ஒரு பக்கம் வரும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் அது. அதில் பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில் கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கியர்பாக்ஸையும் சொல்லிவிடுகிறேன். இ 280 ஆட்டோமேட்டிக்கில் வருவது ஏழு கியர் 722.9. இதில் கன்ட்ரோல் யூனிட் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, சூடான ஆயிலில் இருக்கிறது. அதில் ஸ்பீடு சென்சர் போனால் வண்டி லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போய்விடும், கியர் மாறாது. புது யூனிட் போட்டால் அந்த வண்டியின் சேசிஸ் நம்பருக்குக் கோடிங் செய்தாக வேண்டும். ரோட்டோர மெக்கானிக்கால் ஆகாது.

2004 வண்டி வேறு கதை. அதிலிருக்கும் எம் 112 இன்ஜின் முரட்டு இன்ஜின். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக மொத்தம் பன்னிரண்டு பிளக், மாற்றும்போது கொஞ்சம் முகம் சுளிப்பீர்கள். வால்வு கவரில் ஆயில் கசியும். கிராங்க் சென்சர் சூடானால் மக்கர் பண்ணும்: ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்று, ஆறியபின் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். எல்லாமே கைக்கு அடங்கிய செலவுதான். அதிலிருக்கும் ஐந்து கியர் 722.6-ம் உழைக்கிற கியர்பாக்ஸ். கியர்பாக்ஸில் வயர் போய்ச் சேரும் பிளக்கின் ரப்பர் வளையம் கசிந்தால், ஆயில் வயரிங்குக்குள்ளேயே ஊறிக்கொண்டு கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். வளையம் அற்ப விலை, விட்டுவிட்டால் யூனிட் போய்விடும். பில் ஃபைலில் இந்த வேலையைத் தேடுங்கள். கியர் ஆயில் மாற்றிய பில்லும் இருக்க வேண்டும். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், அதை நம்பி கெட்டுப்போன கியர்பாக்ஸ்கள் நிறைய.

அந்த வண்டியில் பயப்பட வேண்டியது எஸ்.பி.சி. பிரேக். 2006 ஃபேஸ்லிஃப்ட்டுக்கு (தோற்றம் மாற்றி வந்த மாடலுக்கு) முந்தைய டபிள்யூ 211-ல் வரும் எலெக்ட்ரானிக் பிரேக் அது. வண்டியைத் திறந்ததும் முன்பக்கத்திலிருந்து "ர்ர்ர்" என்று ஒரு மோட்டார் சத்தம் கேட்கும். பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றி வைக்கிறது. பெடலை மிதிக்காமலேயே அதனால் பிஸ்டனைத் தள்ள முடியும். பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றி விரலை உள்ளே வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் விரல் நசுங்கிவிடும். கம்பெனி ஸ்கேனரில் சிஸ்டத்தை முடக்கிய பிறகுதான் பேடைத் தொட வேண்டும். இன்னொன்று, அந்த யூனிட் எத்தனை தடவை பிரேக் போட்டோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அதன் வரம்பைத் தாண்டியதும் எச்சரிக்கை வரும், யூனிட்டை மாற்றச் சொல்லும். விலை அதிகம். பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சில நாடுகளில் இந்த யூனிட்டுக்குக் கம்பெனியே வாரன்டியை நீட்டித்தது. உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஏர் சஸ்பென்ஷனுக்கு ஸ்கேனர்கூட வேண்டாம். சாயங்காலம் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபென்டர் ஓரம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணாமல் மறுபடி அளந்து பாருங்கள். எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அங்கே கசிவு.

நீலவரி:

அண்ணன் சொன்னதோடு என் பங்குக்கு. நான் வைத்திருப்பது பிஎம்டபிள்யூ இ 60, 530ஐ, என் 52 இன்ஜின். பிராண்டு எதுவானாலும் வயசான ஐரோப்பிய வண்டியில் முதலில் போவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். இன்ஜின் உள்பாகங்கள் நன்றாக இருக்கும், அதைச் சுற்றியிருக்கும் ஹோஸ், கேஸ்கெட், கூலன்ட் டேங்க், புஷ் எல்லாம் வெப்பத்தில் வெந்து பொடிப்பொடியாக உதிரும். ஓடிய தூரம் குறைவு என்பது இதற்குப் பாதுகாப்பே இல்லை. ரப்பருக்கு வயசுதான் கணக்கு.

என் வண்டியில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடாது, மின்சாரத்தில் ஓடும். போகப்போகிறது என்று முன்கூட்டியே சத்தமோ கசிவோ காட்டாது, ஒரு நாள் அப்படியே நின்றுவிடும். அதனால் வாங்கியவுடனே பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே கூலன்ட்டைத்தான் இறக்க வேண்டும், கை வைக்கும் இடமும் ஒன்றுதான். தனித்தனியாகச் செய்தால் லேபர் இரண்டு தடவை. அதைப் பிடிக்கும் அலுமினிய போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது, புதிது வாங்க வேண்டும். கூலன்ட்டில் சிக்கிய காற்றை எடுக்க மெக்கானிக்கே தேவையில்லை. பேட்டரி சார்ஜரை மாட்டி, இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, ஹீட்டரை அதிகபட்சத்திலும் ஃபேனைக் குறைவிலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி முழுக்க அழுத்திப் பிடித்தால் போதும். பம்ப் தானே ஓட ஆரம்பித்து, சுமார் 12 நிமிடத்தில் காற்றை வெளியேற்றிவிட்டு நிற்கும்.

ஸ்பேர் வாங்கும்போது கம்பெனி டப்பாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சஸ்பென்ஷன் என்றால் லெம்ஃபோர்டர், ஃபில்டர் என்றால் மான் அல்லது மாலே, பம்ப் என்றால் பியர்பர்க். கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்கள். அவர்கள் டப்பாவில் வாங்கினால் விலை நன்றாகவே குறையும். பெயர் தெரியாத மலிவு சென்சர்கள் வேண்டாம். அதைப் போட்டுவிட்டு, பழுது எங்கே என்று மறுபடி தேடுவதற்கே லேபர் போய்விடும்.

புதுச்சாவி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டு வந்தேன். 2007 வண்டியில் இன்ஜின் லைட் இப்போது எரியவில்லை. ஸ்கேன் செய்தால் கோடு ஒன்றும் இல்லை, ஆனால் ரெடினஸில் பாதிக்குமேல் முடியவில்லை என்று காட்டுகிறது. சென்சரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன், ஓனர் சம்மதிக்கவில்லை.

2004 வண்டியில் முன் இடது பக்கம் மட்டும் காலையில் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் அப்படியே இருந்தன. பிரேக் எண்ணிக்கை வரம்புக்கு ரொம்பக் கீழே. பில் ஃபைலில் கியர் ஆயில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறது, அந்தப் பிளக் வளைய வேலையும் இருக்கிறது. ஏர் சஸ்பென்ஷனை நினைத்தால்தான் தயக்கமாக இருக்கிறது அண்ணா.

ஸ்பானர்கை:

தயங்க வேண்டாம், 2004-ஐ எடுங்கள். தெரிந்த பழுது ஒன்று, அதன் செலவும் இன்றே விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. மற்றதில் சோதிக்கவே விடவில்லை என்றால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

முன்பக்க ஸ்ட்ரட் (காற்றுப் பையோடு வரும் சஸ்பென்ஷன் தூண்) இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை ஓனரிடம் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள். இடது மட்டும்தானே கசிகிறது என்பார். வலதுக்கும் அதே வயசு, அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கசிவோடு ஓட்டியிருப்பதால் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் அளவுக்கு மேல் உழைத்திருக்கும். ஸ்டார்ட் செய்தபின் எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்று கவனியுங்கள். அதை ஆன், ஆஃப் செய்யும் ரிலேயையும் கையோடு மாற்றிவிடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும், ரிலே விலை அதன் முன் ஒன்றுமே இல்லை.

விலை பேசி மிச்சமாவதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வாங்கின விலையில் மூன்றில் ஒரு பங்காவது முதல் வருஷத்துக்குத் தனியாக வைத்திருங்கள். ஸ்ட்ரட், எல்லா ஆயில்களும், கூலன்ட், பிரேக் ஆயில், கிராங்க் சென்சர், டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் நன்றாக இருந்தாலும் வயசானதை வைத்துக்கொள்ளாதீர்கள், அது எடை கூடிய வண்டி. சீட் தோல், பெயின்ட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஸ்ட்ரட் மாற்றுபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: புது ஸ்ட்ரட்டில் காற்று ஏற்றிய பிறகுதான் ஜாக்கை இறக்க வேண்டும். காலியாக இருக்கும்போது வண்டியின் பாரம் இறங்கினால் ரப்பர் பை மடிந்து, முதல் நாளே கிழிந்துவிடும்.