வீட்டுப் பச்சோந்தி எந்த இனம் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

ஸ்கார்பரோ வாசுகி:
கடையில் 'பாந்தர், ஆண்' என்று இனப்பெயர் சொல்லித்தான் பச்சோந்தியைக் கொடுத்தார்கள். குட்டி, இலைப்பச்சை நிறம். எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். தாடைக்குக் கீழே கூரான செதில் வரிசை, தலைமேல் கொண்டை வேறு எழும்பிக்கொண்டே போனது. மடகாஸ்கர் பாந்தருக்கு அவ்வளவு உயரக் கொண்டை வராது. யேமன் பக்கத்து வெய்ல்டு என்ற இனத்துக்குத்தான் வரும். கடையில் கேட்டால் "வளர வளர நிறம் வரும்" என்றார்கள்.

நிறம் வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் உடம்பு கிட்டத்தட்டக் கறுப்பு, அதன்மேல் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள். கிளையை விட்டு இறங்கி, பூந்தொட்டி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் பார்த்தது பின்னங்கால் குதிகாலைத்தான். ஆண் வெய்ல்டுக்கு முட்டையிலிருந்து வரும்போதே அங்கே ஒரு சின்ன முள் இருக்குமாம். இதற்கு இல்லை. பெண், வயிறு நிறைய முட்டை. ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும், தோண்ட ஈரமணல் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளே சிக்கி உயிரே போகலாம் என்றார். அன்றைக்கே மணல் வாளி வைத்தோம், பிழைத்தது. அந்தக் கடையில் மற்றக் குட்டிகளையும் 'ஆண்' என்று நம்பி வாங்கிப் போனவர்கள் வீட்டில் என்ன ஆனதோ, அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கரிசல்காட்டான்:
எங்கள் பக்கம் கதை வேறு. பக்கத்துத் தெருப் பையன் அட்டைப்பெட்டியில் 'சிவப்புத் தலைப் பச்சோந்தி' வளர்க்கிறான் என்று ஒரே கூட்டம். போய்ப் பார்த்தால் ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் தொண்டையும் சிவக்கும். காலைப் பார்த்தாலே போதும். ஓணானுக்கு ஐந்து விரலும் தனித்தனி. பச்சோந்திக்கு இரண்டு ஒரு பக்கம், மூன்று மறுபக்கம் சேர்ந்து குறடு மாதிரி கிளையைக் கவ்வும். பையன் கேட்டுக்கொண்டான், கருவேல மரத்தில் விட்டுவிட்டான்.

அப்புறம் அதே பையன்தான் ஒரு மழைக்குப் பிறகு நிஜப் பச்சோந்தியைக் காட்டினான். நடுத் தார்ச்சாலை. ஓரடி வைக்க முன்னும் பின்னும் ஆடுகிறது, தூரத்தில் லாரி. குச்சியை நீட்டினேன், ஏறிக்கொண்டது. ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் லாரியைப் பார்த்தது. வேலியில் விடும்வரை என் கை நடுங்கியது.

நெல்லை மணி:
அண்ணே, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். இந்தியாவில் இயற்கையாக உள்ள பச்சோந்தி ஒரே இனம்தான், கமேலியோ சைலானிகஸ். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். மரத்தில் பிடித்ததைப் படம் போட்டு 'என்ன இனம்' என்று இங்கே கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

வாசுகி அக்கா, கடைக்காரர் நிறத்தை வைத்து ஏமாற்றினார் என்பதற்காக நிறத்தையே ஒதுக்க முடியாது. முட்டை இருப்பதை முதலில் காட்டியது அந்தக் கறுப்புதானே?

லண்டன் சிவா:
மணி, நிறம் அதன் நிலையைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. பாந்தரை வைத்து ஜெனீவா ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்களே, தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி கூடினால் பச்சை மஞ்சளாகிறது. கோபம் வந்த பாந்தரும் அமைதியாக இருக்கும் பாந்தரும் இரண்டு இனம் ஆகிவிடுமா?

என்னிடம் இருப்பது பெண் பாந்தர். 'நோசி பே' (மடகாஸ்கர் பக்கத்துத் தீவு) பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லி விற்றார்கள். பெண் பாந்தர் எந்தப் பகுதியானாலும் இளஞ்சிவப்போ பழுப்போதான், பார்த்து ஊர் சொல்ல யாராலும் முடியாது. ஆணின் நிறத்தை வைத்துத்தான் பகுதியை ஊகிக்க முடியும் என்பதால் அதன் தகப்பன் படத்தைக் கேட்டேன், விற்றவர் பேச்சை மாற்றிவிட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பக்கவாட்டில் முழு உடம்பு, தலை, தாடைக்குக் கீழ், குதிகால் எல்லாம் தெரியப் படம் எடுங்கள், அது சாந்தமாக இருக்கும்போது. முகத்தில் மூன்று கொம்பு இருந்தால் ஜாக்சன் என்ற இனத்தின் ஆணாக இருக்கலாம், கென்யா, தான்சானியா மலைப்பகுதியைச் சேர்ந்தது. அது குளிர்ச்சி கேட்கும், குட்டி போடும். அதை வெய்ல்டு என்று நினைத்து அந்தச் சூட்டில் வைத்தால் தாங்காது. பெண் வெய்ல்டு என்று உறுதியானால் முட்டை தெரியும்வரை காத்திராதீர்கள், மணல் வாளியை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். அது குழி பறிக்கும்போது எதிரில் நின்று பார்க்கவும் கூடாது, பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும்.